பழத்துக்குக் கணக்கு உண்டு, பம்பு தூக்கியவருக்கு?

(சுங்கை பட்டாணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் சிலப்பதிகாரம் பேசினார்கள், தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு பேசினார்கள். நான் பூச்சிமருந்து பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளருக்குக் கொஞ்சம் தயக்கம். "ஐயா, தலைப்பிலாவது கொஞ்சம் இலக்கிய வாசம் வையுங்களேன்" என்றார். எனக்குத் தெரிந்த வாசம் மருந்து வாசம்தான். தோட்ட மருந்தகத்தில் ஆஸ்பத்திரி அசிஸ்டெண்டாக இருந்தவன் நான். லயத்துப் பேச்சில் சொன்னால் 'டிரசர்'.

ஸ்ட்ராபெரியில் ஆரம்பிக்கிறேன். கெடாவின் வெயிலுக்கு அது விளையாது. கேமரன் மலைக்குப் போனால் ஒரு கூடை வாங்கி, படம் பிடித்துக்கொண்டு வருவோம். பிரிட்டனில் அது பெரிய வணிகப் பயிர். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, பிளாக்கரண்ட் முதலானவற்றை மென்கனிகள் என்று ஒரே தொகுதியாக வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசு சார்பில் கணக்கெடுக்கிறார்கள். பண்ணைகளில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்தப் பருவத்தில் எந்த நிலத்தில் எந்த மருந்து, எத்தனை தடவை, எவ்வளவு, எதை விரட்டுவதற்காக என்று பண்ணைக்காரரின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அதிலிருந்து நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டு அச்சிட்டு வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்படிப்பட்ட பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அங்கே 1960களிலேயே தொடங்கிவிட்டது.

மருந்தை மூன்று இடத்தில் நின்று எண்ணலாம். கடைவாசலில் நின்று எண்ணினால் விற்பனைக் கணக்கு. சந்தையில் பழத்தை அறுத்துச் சோதித்தால் எச்சக் கணக்கு. வயலில் நின்று எண்ணினால் பயன்பாட்டுக் கணக்கு. முதல் இரண்டும் நம் நாட்டில் உண்டு. 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி, பூச்சிமருந்து வாரியத்தில் பதியாமல் எந்த மருந்தையும் விற்க முடியாது. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் பழத்திலும் காய்கறியிலும் எவ்வளவு எச்சம் தங்கலாம் என்று வரம்பு கட்டுகின்றன. மூன்றாவது கணக்கு தோட்டத்து ஸ்டோரோடு நின்றுவிடுகிறது. எத்தனை லிட்டர் வெளியே போனது என்று கிராணி எழுதியிருப்பார். அது யார் முதுகில் ஏறிப் போனது, எந்தத் தீம்பாரில் இறங்கியது, அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதை யாரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன கிடைக்கும்? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1990 முதல் எல்லா விவசாயிகளிடமும் கேட்கிறது. மாதாமாதம் வட்டார விவசாய அதிகாரியிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். சதுர மைல் சதுர மைலாக நிலத்தைப் பிரித்து, எந்தச் சதுரத்தில் எந்த மருந்து விழுந்தது என்று பதிகிறார்கள். அங்கே சாலினாஸ் பள்ளத்தாக்கு ஸ்ட்ராபெரிக்கும் கீரைக்கும் பெயர்பெற்றது. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1999இல் அங்கே கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். தாய்மாரின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் சுவடு எவ்வளவு என்று அளந்தார்கள். பிறகு பிள்ளைகள் வளரும்வரை விடாமல் கூடவே போனார்கள். 2011இல் வந்த முடிவு இது: சுவடு மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட, ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அதற்கப்புறம் அரசுப் பதிவேட்டையே எடுத்து, கர்ப்ப காலத்தில் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் விழுந்த மருந்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அந்தத் தாய்மார் கூலிக்காரிகள். மொழி தெரியாதவர்கள். பலரிடம் குடியுரிமைத் தாள்கூட இல்லை. ஆனால் அவர்கள் வீட்டைச் சுற்றி என்ன விழுந்தது என்று தாள் இருந்தது. நம் தோட்டத்துப் பெண்களிடம் அடையாள அட்டை இருந்தது, இந்தத் தாள் இல்லை. அதனால் அந்தக் கேள்வியை இங்கே கேட்கவே வழியில்லாமல் போய்விட்டது. ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, தோட்டப்பள்ளியில் பின்வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ பட்டிமன்றம் நடத்தியிருக்கிறோம். குடி, வறுமை, தாழ்வு மனப்பான்மை என்று காரணங்களை அடுக்கினோம். அம்மா முதுகில் சுமந்த பம்பைப் பற்றி ஒரு பேச்சாளர்கூடப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வேலை எப்படியிருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளையவர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குலை வெட்டுவது ஆண்கள் வேலையானது. உரம் போடுவதும் மருந்து அடிப்பதும் பெண்கள் தலையில் விழுந்தன. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போவார்கள். ஒரு பெண் மருந்து கலக்குவார். பெரும்பாலும் வயதில் மூத்தவர், நம்பிக்கையானவர். தண்ணீர் சேராத கெட்டி மருந்தைத் தொடுகிறவர் அவர்தான் என்பதால் ஆபத்தும் அவருக்குத்தான் அதிகம். பம்பு பதினாறு லிட்டர் கொள்ளும். தண்ணீரின் கனமே பதினாறு கிலோ, பம்பின் கனம் தனி. வார் தோளை அறுக்கும். மூடி சரியாக இறுகாவிட்டால் குனியும்போதெல்லாம் முதுகில் சொட்டும். மேட்டு நிலத்தில் ஏறும்போது முன்னால் போகிறவர் அடித்த ஈரப் புல்லில்தான் பின்னால் வருகிறவர் கால் வைப்பார். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவதும் உண்டு. முகமூடி கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்த இடங்களும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் பம்பும் தூக்கிக்கொண்டு மூக்கையும் மூடிக்கொண்டு மேடு ஏறிப் பார்த்தவர்கள், அது ஏன் பத்து மணிக்குமேல் கழுத்தில் தொங்கியது என்று கேட்க மாட்டார்கள்.

மருந்தகத்துக்கு வருவார்கள். கண் எரிச்சல், அரிப்பு, மூக்கில் ரத்தம். விரலைப் பார்த்தால் வேலை தெரிந்துவிடும். நகம் வெளுத்து, குறுக்கே வரி விழுந்து, சிலருக்கு அடியோடு கழன்றிருக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கெட்டி மருந்து பட்டுப்பட்டு வருவது அது. கடைப் பெயர் கிரமாக்சோன். பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்று பாலைக் கையோடு கொண்டு வருகிறவர்களும் இருந்தார்கள். என்னிடம் இருந்த அச்சடித்த பதிவேட்டில் பெயர், வயது, நோய், கொடுத்த மருந்து, விடுப்பு நாள் என்று கட்டங்கள் இருந்தன. என்ன வேலை, எந்த மருந்தைத் தொட்டார் என்பதற்குக் கட்டமே இல்லை. ஆகவே ஏட்டைப் புரட்டுகிறவருக்கு அவர் 'தோல் அரிப்பு'. அவ்வளவுதான்.

பாராகுவாட்டின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது விழுங்கியவரின் நுரையீரலைக் கெட்டியாக்கிவிடும். அதற்கு விஷமுறி மருந்து இன்றுவரை கிடையாது. சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் தடை செய்தன. நம் பக்கத்தில் 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றி அந்த அமைப்பின் அறிக்கை வந்தது. 2002இல் பினாங்கிலுள்ள பூச்சிமருந்து எதிர்ப்பு வலைப்பின்னலோடு சேர்ந்து இன்னொன்று. அந்த வலைப்பின்னல் உலக அளவில் உருவானதே 1982இல் பினாங்கில் நடந்த கூட்டத்தில்தான். நம் வாசலில் பிறந்த இயக்கம் அது. அதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லிக்கொடுத்திருக்கிறோமா என்பதை ஆசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

2002 ஆகஸ்டில் வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகள் தரப்பு விடவில்லை. இதைவிட மலிவாக வேறென்ன இருக்கிறது என்றார்கள். 2006இல் தடை தளர்ந்தது. இறுதியாக நின்றது 2020 ஜனவரி 1 அன்று. முதல் அறிவிப்புக்கும் உண்மையான தடைக்கும் நடுவே பதினேழு ஆண்டுக்கு மேல் போய்விட்டது. ஏன் இவ்வளவு இழுத்தது என்பதற்குப் பல காரணம் சொல்லலாம். நான் மருந்தகத்துக்காரன் என்பதால் எனக்குத் தெரிகிற காரணம் ஒன்று. எதிர்த்தரப்பு கேட்ட கேள்விக்கு நம்மிடம் எண் இல்லை. நாட்டில் மருந்து அடிக்கும் பெண்கள் எத்தனை பேர் என்றால், சுமார் 30,000 என்று தொண்டு அமைப்புகள் சொல்லிவந்தன. அது மதிப்பீடு, எண்ணிப் பார்த்த கணக்கில்லை. எத்தனை நகம் கழன்றது, எத்தனை மூக்கில் ரத்தம் வந்தது என்பது என்னைப் போன்றவர்களின் ஏடுகளில் அரிப்பாகவும் சளியாகவும் சிதறிக் கிடந்தது.

இலங்கையில் பாருங்கள். அங்கே வயல் மருந்தைக் குடித்து உயிரை விடுவது பெருந்துயரமாக இருந்தது. நம் லயங்களும் அந்தத் துயரம் அறியாதவை இல்லை. அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற ஊர்களின் மருத்துவமனைகளில், வந்து சேர்ந்தவர் எந்த மருந்தைக் குடித்தார் என்று பெயர் சொல்லி எழுதிவைத்தார்கள். அதை வைத்து எந்த மருந்து ஆளைக் கொல்கிறது, எதைக் குடித்தவரைக் காப்பாற்ற முடிகிறது என்று பிரித்தறிய முடிந்தது. கொல்வதை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பாராகுவாட் 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1995 முதல் 2015 வரை அந்த நாட்டில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. ஆய்வாளர்களின் கணிப்பில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000. வயல்களில் விளைச்சல் அதனால் குறையவும் இல்லை. மருத்துவமனை ஏட்டில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்ததன் பலன் இது.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1996இல் கடும் நச்சு மருந்துகளுக்கென்றே விதிமுறை வந்தது. பாராகுவாட் அதில் இருந்தது. மூட்டைப் புழுவைக் கொல்லச் செம்பனை மரத்தில் துளையிட்டுச் செலுத்தும் மோனோகுரோட்டோபாசும் இருந்தது. அந்தப் புழுவை மலாய்க்காரர்கள் 'உலாட் புங்குஸ்' என்பார்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000இல் இரசாயன விதிமுறைகள் வந்தன. ஆபத்தான இரசாயனத்தைத் தொடும் தொழிலாளிக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆர்கனோபாஸ்பேட் அடிப்பவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பார்க்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஓர் அளவு, வேலை நடக்கும்போது ஓர் அளவு. முதல் அளவு இல்லாவிட்டால் இரண்டாவதை எதோடு ஒப்பிடுவது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாராகுவாட் இந்தச் சோதனையில் அகப்படாது. 'ரத்தம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு அது தெரியாது.

அந்த விதிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு: கண்காணிப்புப் பதிவுகளை முப்பது ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்த நோய்களில் சில மெதுவாக வருகிறவை என்று தெரிந்தவர் யாரோ எழுதிய வரி அது. ஆனால் எங்கே வைப்பது? முதலாளியிடம். கெடாவில் முப்பது ஆண்டு ஒரே முதலாளியிடம் இருந்த தோட்டங்கள் எத்தனை என்று விரல் மடக்கிப் பாருங்கள். சுங்கை பட்டாணியைச் சுற்றி இன்று தாமான் தாமானாக நிற்கும் வீடுகள் எதன்மேல் நிற்கின்றன? ரப்பர் மரமும் லயமும் இருந்த மண்மேல்தானே. தோட்டம் கைமாறும்போது கோயிலை எங்கே மாற்றுவது, பள்ளிக்கு எத்தனை ஏக்கர் என்று போராடினோம். நியாயமான போராட்டம். அலுவலகத்து அலமாரிகள் எங்கே போயின என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இருபது ஆண்டு மருந்து அடித்துவிட்டு மூச்சிரைப்போடு தாமான் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு மனுப் போட்டால், முதல் கேள்வி, 'எந்த இரசாயனம், எத்தனை ஆண்டு?' 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்சார் நோய்கள் உண்டு. வேலைக்கும் நோய்க்கும் உள்ள முடிச்சைக் காட்டும் காகிதம்தான் இல்லை. 'நீலக் கலரா இருக்கும் சார், வாடை கொடலைப் பொரட்டும்' என்பதுதான் அவரிடம் உள்ள சாட்சியம். அது சரியான சாட்சியம் என்பது எனக்குத் தெரியும். தவறிக் குடித்துவிடக் கூடாது என்று பாராகுவாட்டில் நீலச் சாயமும் நாற்றமும் சேர்த்திருந்தார்கள். ஆனால் எந்த அலுவலகத்திலும் அது செல்லாது.

போராடத் தெரியாதவர்கள் இல்லை நாம். 1947இல் இதே வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. அடி வாங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டையும் பார்த்தார்கள். கள்ளுக்குக் கடை இருந்தது, மறியல் செய்ய வாசல் இருந்தது. மருந்துக்கு வாசல் இல்லை. அது சம்பளத்தோடு சேர்ந்தே வந்தது.

மறுபடி பழத்துக்கு வருகிறேன். ரப்பரையும் செம்பனையையும் விட்டு இங்கே பலர் பழத்துக்கு மாறிவிட்டார்கள். சிக், பாலிங் பக்கம் டுரியான். மற்ற இடங்களில் கொய்யா, தர்பூசணி, பப்பாளி, டிராகன் பழம். நம்மவர்களும் துண்டு நிலத்தில் மிளகாயும் கொய்யாவும் போடுகிறார்கள். கொய்யாவுக்குப் பழ ஈதான் எமன். பிஞ்சிலேயே பை கட்டிவிட்டால் ஈ முட்டையிட முடியாது, மருந்தும் அவ்வளவாகத் தேவைப்படாது. பை கட்டுவதற்குக் கூலி ஆகும். மருந்துக்கு ஒரு காலைப்பொழுது போதும். எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மருந்துப் புட்டியில், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். வியாபாரி லாரியோடு வந்து நிற்கும்போது அந்த நாள் கணக்கு எப்படிச் சுருங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்குப் போகிற பழம் என்றால் நிலைமை தலைகீழ். மைகேப் என்ற நல்ல விவசாய முறைச் சான்று 2013 முதல் இருக்கிறது. அதற்கு மருந்து அடித்த பதிவேடு கட்டாயம். சீனாவுக்குப் போகும் டுரியானுக்கு அந்தச் சான்று வேண்டும். இந்தியாவிலும் இதே கதைதான். 2003இல் ஐரோப்பாவுக்குப் போன திராட்சையில் மருந்து எச்சம் இருந்ததால் சிக்கல் வந்தது. அதற்குப் பிறகு எச்சக் கண்காணிப்புத் திட்டமும், 2006இல் கிரேப்நெட் என்ற கணினி முறையும் வந்தன. நாசிக் பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாயின. பெட்டியில் உள்ள எண்ணை வைத்து எந்தத் தோட்டத்துக் கொடி என்று கண்டுபிடிக்கலாம். நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை உள்ளூர்ச் சந்தைக்குப் போவது, அதற்கு இந்தப் பரிவாரம் கிடையாது. வெள்ளைக்காரன் வாய்க்குக் காவல் பலமாக இருக்கிறது. நம் வாய்க்குக் குறைவு. கொடி கட்டி மருந்து அடிக்கும் கூலியாளின் மூக்குக்கு எங்குமே இல்லை. கிரேப்நெட்டில்கூட விவசாயியின் பெயர்தான் இருக்கும், பம்பு தூக்கியவர் பெயர் இருக்காது.

இப்போது பம்பு தூக்குகிறவர் யார்? நம் பெண்கள் பெரும்பாலும் இல்லை. பேக்டரிக்கும் கடைகளுக்கும் போய்விட்டார்கள், நல்லது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் தூக்குகிறார்கள், அதிலும் பலர் குத்தகைக்காரரின் ஆட்கள். இந்த நாட்டில் பூச்சிமருந்து டப்பாக்களில் தமிழிலும் எச்சரிக்கை அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழர்கள் மருந்து அடித்த காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இன்று படிக்கத் தெரிந்த தமிழர் வேலையில் இல்லை, வேலையில் இருக்கும் நேப்பாளிக்கு அவர் மொழியில் அச்சில்லை. அவர் இரண்டு மூன்று ஆண்டு அடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்கிறார். நோய் வந்தால் காட்மாண்டுவில் வரும். அங்குள்ள மருத்துவர் 'மலேசியாவில் என்ன வேலை பார்த்தாய்?' என்று கேட்டால், அவருக்கும் நீல நிறம்தான் நினைவிருக்கும். இல்லை, இப்போது அதுவும் மாறிவிட்டது. பாராகுவாட் போய் கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் வந்திருக்கின்றன. குளுபோசினேட் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் வகை என்று ஐரோப்பா வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே அதன் அனுமதி 2018இல் முடிந்துபோனது. குளோர்பைரிபாஸ், கார்போபுரான் இரண்டையும் 2023 மே மாதம் முதல் நம் நாடு நிறுத்தியது. சாலினாசில் தாய்மார் உடம்பில் சுவடு விட்ட ஆர்கனோபாஸ்பேட் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் குளோர்பைரிபாஸ். அதை நம் வயல்களில் எத்தனை ஆண்டு, எங்கெங்கே, யார் அடித்தார்கள் என்பதற்கு இனிமேல் கணக்குத் தேடினால் கிடைக்காது.

ஆகவே நான் கேட்பது புதிய சட்டமும் இல்லை, பெரிய ஆய்வுக்கூடமும் இல்லை. பதிவு தோட்டத்தோடு கிடக்காமல் ஆளோடு போக வேண்டும். தாய்சேய் நல நிலையத்தில் குழந்தைக்கு ஊசி போட்ட புத்தகம் தாயின் கையில்தானே இருக்கிறது? எந்த ஊர் கிளினிக்குக்கும் அதைக் கொண்டுபோகலாம். மருந்து அடிப்பவருக்கும் அப்படி ஒரு புத்தகம். தேதி, மருந்து, எத்தனை பம்பு, எந்த இடம், கலக்கியது யார், அன்று உடம்புக்கு என்ன. ஸ்டோரில் எழுதுவதைத்தான் இன்னொரு முறை எழுதச் சொல்கிறேன். "இதற்கு யார் சார் ஒப்புக்கொள்வார்கள்?" என்று ஒரு தொழிற்சங்க நண்பர் கேட்டார். பெரிய தோட்டங்கள் செம்பனைச் சான்றிதழுக்காக ஏற்கெனவே கத்தை கத்தையாக எழுதுகின்றன. அவர்களுக்குச் சிரமம் இல்லை. சிரமம் குத்தகைக்காரர்களிடம், சின்னப் பழத்தோட்டங்களிடம். அதாவது நம்மவர்களிடம். இந்த மண்டபத்திலேயே ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்து இரண்டு வங்காளதேசத்துப் பையன்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரென்று கேட்கமாட்டேன், பயப்பட வேண்டாம்.

மருந்துப் பெயரை எழுத வராது என்பார்கள். வர வேண்டியதும் இல்லை. புட்டியின் முகப்பில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். வாரியம் கொடுத்த எண் அது. அந்த எழுத்தையும் எண்ணையும் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டால் போதும், எந்த மொழிக்காரராலும் முடியும். எழுத வராவிட்டால் கைபேசியில் புட்டியைப் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், தேதி தானாக விழும். புட்டியின் அடியில் உள்ள வண்ணப் பட்டையும் படத்தில் வரட்டும். கருப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று அபாயம் இறங்குவரிசையில் போகும். ஊருக்குப் போகும்போது படங்களை அவரே கொண்டுபோகட்டும். மாதிரிப் புத்தகம் ஒன்று நானே கோடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. வங்காளத்திலும் நேப்பாளியிலும் தலைப்பு எழுதித்தர ஆள் தேவைப்படுகிறது. தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.